பதினாறாம் நாள் ஹானிபால்

ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் புஸ்தகத்தத் திறந்துக்கிடுங்க, சேந்து பாடுவோம்" என்றார். பேட்டையில் வைத்தியலிங்கம் பிள்ளை வீட்டு வாசலை அடைத்துப் போட்டிருந்த பந்தலுக்குள் அறுபது பேராவது இருப்பார்கள். எல்லோரும் மடியிலிருந்த மஞ்சள் பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். அட்டையில் வைத்தியலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகி, யாரோ அப்போதுதான் 'சிரிக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தது போன்ற முகத்தோடு இருந்தாள். கீழே தோற்றம், மறைவு. அதற்கும் கீழே 'வழிபாட்டுப் பதிகங்கள்'. பிள்ளைமார் வீடுகளில் இது வழக்கம். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போனவர் படம் போட்ட பதிகப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எந்த வீட்டுப் பூஜை அலமாரியைத் திறந்தாலும் இப்படி ஒரு அடுக்கு இருக்கும். உள்ளே அதே பாட்டுகள்தான். அட்டையில் ஆள் மட்டும் மாறும்.

ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். அவருக்குப் புத்தகம் தேவையில்லை. சபைக்கும் தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் மொட்டைத் தலையும் விபூதியுமாக உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கம், மனைவிக்காகப் பாடும்போது தான் மட்டும் சும்மா இருக்கக்கூடாதே என்று புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில், 'வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் கார்த்தேஜ் என்றொரு மாநகரம் இருந்தது. அதன் தளபதிக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான்' என்று போட்டிருந்தது.

அவர் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். மனைவி இருந்தாள். திறந்தார். கார்த்தேஜ் இருந்தது.

அந்த வாக்கியம் அவர் எழுதியது. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். பிரம்மநாயகியின் மூத்த அண்ணன் கோமதிநாயகம், வரிகளுக்கு அடியில் விரலை ஓட்டியபடி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்று முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் ஹானிபால் தகப்பனுக்கு முன்னால் நின்று, ரோமாபுரியை ஒருநாளும் நட்பாக நினைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். கோமதிநாயகம் அதையும் சிவபெருமானுக்கு அர்ப்பணித்துவிட்டு மேலே போனார். பந்தல் முழுக்க விரல்கள் ஓடின, உதடுகள் அசைந்தன, பக்கங்கள் திரும்பின. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு வருஷம் எழுதிய புத்தகம் அது. அதை அறுபது பேர் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்கும் காட்சி இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை வாய்க்காது. பாட்டு முடியட்டும் என்று இருந்தார். பாட்டு முடிந்ததும், பந்தி முடியட்டும் என்று தோன்றியது.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தது மகன் சிவசங்கரன்தான். பம்பாயில் பேங்க் வேலை. எதையும் கையெழுத்துப் போடுமுன் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கிற பழக்கம். புரட்டியபோது புத்தகத்தின் நடுவிலிருந்து மடித்த தாள் ஒன்று விரிந்து அவன் மடியில் விழுந்தது. ஆல்ப்ஸ் மலையின் வரைபடம். கணவாய்கள், ஆறுகள், அம்புக்குறிகள். ஓரத்தில் ஒரு சின்ன யானை. அவன் யானையைப் பார்த்தான், பிறகு தகப்பனைப் பார்த்தான். தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டு பதிகத்தில் கரைந்துபோயிருந்தார்.

வைத்தியலிங்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ராதாபுரம் தாலுகாவில் பனங்காட்டுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே சங்கிலி பிடித்து எல்லை காட்டி, இரண்டு பக்கத்துக்காரர்களிடமும் ஏச்சு வாங்கியவர். அந்த நாளில் பாளையங்கோட்டைப் பழைய பேப்பர் கடை ஒன்றில், எடைக்குப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரக் காப்டன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, வேறு வேலை இல்லாமல் எழுதிய ஹானிபால் சரித்திரம். யானைகளோடு பனிமலை ஏறி இறங்கி, ரோமாபுரியை அதன் வீட்டு முற்றத்திலேயே பதினைந்து வருஷம் பயமுறுத்திய தளபதி. காப்டன் அந்தப் பாதையில் தானே நடந்து அளந்து எழுதியிருந்தார். அளந்தவனுக்குத்தான் அளந்தவன் அருமை தெரியும். செங்கோட்டைக்கு மேற்கே மலையே பார்த்திராத வைத்தியலிங்கம் அன்றைக்கே காப்டனுக்குச் சிஷ்யர் ஆகிவிட்டார்.

புத்தகம் வீட்டுக்குள் நுழைவதிலேயே சிக்கல் வந்தது.

"இது என்ன தோலு?" என்றாள் பிரம்மநாயகி, அட்டையைத் தொடாமல்.

"கன்னுக்குட்டித் தோலுன்னு நெனைக்கேன்."

"நல்லா நெனைச்சீய. வெளிய வைங்க."

ஒரு வாரம் ஹானிபால் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தார். பிறகு ஒருநாள் அவளே பழைய முருகன் காலண்டர் தாளைக் கிழித்து, மயில் முன்பக்கம் வரும்படி அட்டை போட்டு, "ம், இப்ப உள்ள வா" என்றாள், புத்தகத்திடம்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுதுவார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் கீரை ஆய்வாள், அல்லது சும்மா சுவரில் சாய்ந்திருப்பாள். ஆரம்பத்தில் கேள்வி கேட்டாள். "அம்புட்டு யானைக்கும் மலைமேல திங்க என்ன போட்டாவ?" காப்டன் அதை எழுதவில்லை என்றார். "எழுதாட்டா? யானை சும்மா ஏறுமா?" இன்னொரு நாள், சதுப்பு நிலத்தில் நாலு நாள் தண்ணீருக்குள்ளேயே நடந்து ஹானிபாலுக்கு ஒரு கண் போன அத்தியாயம்.

"அவன் பொண்டாட்டி அப்ப எங்க இருந்தா?"

"அவள ஸ்பெயின்லயே விட்டுட்டுப் போயிட்டான். பேரு இமில்கே. ஒரு அடிக்குறிப்புல வாரா."

"அடிக்குறிப்புன்னா?"

"பக்கத்துக்கு அடியில. சின்ன எழுத்துல."

"ம்" என்றாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் குறைந்துபோயின. 'ம்' மட்டும் வரும். போர்க்களத்துக்கும் ம், சமாதானத்துக்கும் ம். அவள் கேட்கிறாளா, அடுப்பில் பருப்பு வெந்ததா என்று யோசிக்கிறாளா என்பதை அந்த ஒற்றை எழுத்திலிருந்து பிரித்தறிய அவரால் முடியவில்லை. நேரடியாகக் கேட்கவும் பயம். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் உலகத்தில் இருந்த ஒரு வாசகியும் போய்விடுவாளே.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்றைக்கு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளாகவே கேட்டாள். "கடைசில அவன் ஜெயிச்சானா, தோத்தானா?" கடைசி அத்தியாயம் மட்டும் வாசிக்காமல் பாக்கி இருந்தது. வைத்தியலிங்கத்துக்கு எழுத்தாளனுக்குரிய கர்வம் தலைதூக்கியது. "வந்த பொறவு வாசிக்கேன். இப்பமே சொன்னா சுவாரசியம் போயிரும்லா" என்றார். சுவாரசியம் அப்படியே இருக்கிறது. அவள் வரவில்லை. குறுக்குத்துறையில் தாமிரபரணியில் அஸ்தியைக் கரைத்துவிட்டு ஈரத் துண்டோடு படி ஏறும்போது அவர் மனத்தில் அதுதான் ஓடியது. ஒன்று, அவள் இவ்வளவு வருஷமும் கேட்டாளா. இரண்டு, கேட்டிருந்தால், முடிவு தெரியாமல் போய்விட்டாளே.

வண்ணார்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த கிருபைராஜ், தகப்பனும் மகனும் படியேறி வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். சிவசங்கரன் புத்தகத்தை மேஜைமேல் வைத்தான். கிருபைராஜ் அட்டையைப் பார்த்து, "படம் நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றார்.

"உள்ள பாருங்க சார்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தேர்தல் நேரம், பெஞ்சு பெஞ்சாக நோட்டீஸ்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாச் சின்னங்களும் பகை மறந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

"அண்ணாச்சி, நடந்தது இதுதான்" என்றார் கிருபைராஜ் வைத்தியலிங்கத்திடம். "உங்க தளபதி அச்சாகி மூணு மாசமா அட்டை இல்லாம மூலையில கெடந்தாரு. கண்ணு போறதுக்கு முந்தின மொகத்தப் போடவா, பொறவு உள்ள மொகத்தப் போடவான்னு நீங்க ஒரு முடிவு சொல்லல. பக்கத்துலயே பதிகக் கட்டு. ரெண்டும் ஒரே சைஸு, ஒரே கனம். நம்ம பைண்டரு எலக்‌ஷன் வேலைக்குப் போயிட்டான். புதுசா வந்தவன் அட்டையக் கண்டான், மூலையில உள்ளதக் கண்டான், போட்டு ஒட்டிட்டான். அட்டை எப்ப வரும்னு காத்துக்கெடந்த மனுசன் வந்த அட்டைக்குள்ள ஏறிட்டாரு."

"எங்கம்மா சார் அது" என்றான் சிவசங்கரன்.

கிருபைராஜ் அன்றைக்கே அட்டையை மறுபடி அடித்துப் பதிகத்துக்கு ஒட்டிக் கொடுத்தார்.

மறுநாள் ரயில்நிலையத்தில் சிவசங்கரன் சொன்னான். "வீடு வீடாப் போயி மாத்திருங்கப்பா. ஊரே சிரிக்கும்." சிரிப்பதென்றால் முதலில் வாசிக்க வேண்டுமே என்று வைத்தியலிங்கம் நினைத்தார். "சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுங்க. பருப்புப்பொடி டப்பாவுல இருக்கு" என்றான் மகன். வண்டி நகர்ந்தது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்குச் சாவி போடுவது தனக்கு இதுவே முதல் தடவை என்பது தெரிந்தது. இத்தனை காலமும் தட்டத்தான் செய்திருக்கிறார்.

இப்படியாக, எழுதியவரே வாசகர் வீட்டுக்குப் போய்த் தன் புத்தகத்தைத் திரும்ப வாங்கி வருகிற திருப்பணி ஆரம்பமாயிற்று. சைக்கிள் ஹேண்டிலின் ஒரு பக்கம் பதிகங்கள், மறுபக்கம் காலிப்பை. ஒவ்வொரு வீட்டிலும் படி ஏறும்போது ஒரு நப்பாசை. யாராவது ஒருவர், 'இதென்னவே கூத்து' என்று கேட்டுவிடமாட்டாரா. திட்டினாலும் பரவாயில்லை. திட்டுவதற்கு ஒரு பக்கமாவது வாசித்திருக்க வேண்டும்.

கோமதிநாயகம் புத்தகத்தைப் பூஜையில் வைத்திருந்தார். பிரம்மநாயகியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

"இத எதுக்கு மாப்ள மாத்துத? நான் தெனம் காலம்பற குளிச்சிட்டு ஒரு பக்கம் பாராயணம் பண்ணுதேன். தங்கச்சியே பக்கத்துல உக்காந்து கேக்கது மாதிரி இருக்கு."

"எந்தப் பாட்டு அத்தான் ரொம்பப் புடிச்சுது?"

"எதத் தள்ளச் சொல்லுத? எல்லாம் தேனு."

வைத்தியலிங்கம் வாங்கிப் பார்த்தார். முதல் சில தாள்களுக்கு அப்பால், ஓரத்தில் பட்டிருந்த பசையில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்படியே இருந்தன. பாளையங்கோட்டையில் தேவமணி டீச்சர் புத்தகத்தை வெளியே எடுக்கவே இல்லை. "உங்க சாமி புஸ்தகம்லா அண்ணாச்சி, கை படலாமோ கூடாதோன்னு பையோட ஷோகேஸ்ல வச்சிட்டேன்" என்று, ரிடையர்மெண்டுக்குக் கொடுத்த கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். டவுனில் ஒரு வீட்டில், "அதுவா, அத அன்னைக்கே வாசிச்சு முடிச்சிட்டோமே" என்றார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாத் தெரிஞ்ச பாட்டுதான, சட்டுன்னு முடிஞ்சிட்டு" என்றார்கள்.

மணிமுத்தாறில் தூரத்து உறவு ஒன்று இருந்தது. கட்டபொம்மன் பெயர் போட்ட அரசு பஸ்ஸில் போனார். நம்மூரில் தளபதிகளுக்குச் சரித்திரம் எழுத ஆள் இல்லை, பஸ் விடத்தான் ஆள் உண்டு என்று எண்ணிக்கொண்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் மாஞ்சோலை மலை நீலமாக எழுந்து வந்தது. அந்தச் சரிவில் ஒரு யானை வரிசையை ஏற்றிப் பார்த்தார். பாதி மலை ஏறியதும் முதல் யானை நின்றுவிட்டது. அது என்ன தின்னும்? பக்கத்து சீட்டுக்குத் திரும்பினார். அங்கே ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். உறவுக்காரர் வீடு பூட்டியிருந்தது. தெரு ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இடுக்கில் ஒரு புத்தகத்தைச் செருகி வைத்திருந்தார்கள். பிரம்மநாயகியின் முகத்தில் பாதி தெரிந்தது. அதை மெல்ல உருவிவிட்டுப் பதிகத்தைச் செருகினார். ஜன்னலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் துடைப்பதுபோலத் துண்டால் அட்டையைத் துடைத்து, பஸ் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அநேகமாக எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கூடத்தில் அடுக்கி வைத்தபோது மனைவி சுவர் உயரத்துக்கு வந்தாள். அன்றைக்கு மத்தியானம் தெருவில் போன ஒரு பெண் வாசலில் நின்று, "மாமா, பொஸ்தகம் மாத்துதீயளாமே? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்றாள். பின்தெரு ஹமீது பீவியின் மருமகள் ரஹ்மத்து. அவர்கள் விசேஷத்துக்கு வந்ததே வைத்தியலிங்கத்துக்கு நினைவில்லை. ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். அந்தத் தெருவுக்குள் அவர் நுழைந்ததில்லை.

ஓட்டு வீடு. கூடத்தில் நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மடியில் முறம்போல ஒரு சொளவு, சொளவில் புகையிலைத் தூள், நனைத்த இலை, கத்திரி. கைகள் யாரையும் பார்க்காமல் தன்பாட்டுக்கு ஓடின. ஹமீது பீவி முக்காட்டைச் சரிசெய்தபடி, "வாங்க அண்ணாச்சி" என்றாள். "மாத்த வந்தியளா? நாங்க தரமாட்டோம்."

"இல்லம்மா, அது வேற புஸ்தகம். அச்சாபீஸ்காரங்க தப்பா…"

"தப்பாத்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டு தப்பா? ஏட்டீ ரஹ்மத்து, சொல்லேன்."

ரஹ்மத்து கதவுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். முனைகள் மழுங்கி, இடையிடையே பீடி கட்டும் நூலை அடையாளத்துக்கு வைத்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்புவரை நன்றாக உப்பியிருந்தது. கை பட்ட புத்தகம். வைத்தியலிங்கம் அதைப் பார்த்தபடியே நின்றார்.

"நாலாவது பாடத்துல, பொஞ்சாதிய ஊருல உட்டுட்டுப் போனான்னு போட்டுருக்கு மாமா."

"ஆமா. உட்டுட்டுத்தான் போனான்."

"எங்க உட்டான்?" என்றாள் வட்டத்திலிருந்த ஒரு பெண், நிமிராமலே. "அவ ரெண்டாவது யானையிலல்லா வாரா!"

"மேல போட்டுக்கிட ஒரு கம்பளி, இடுப்புல கஞ்சிச் சட்டி" என்றாள் இன்னொருத்தி. "யானைக்குத் தீனி இல்லாமப் போன அன்னைக்குத் தன் மெத்தையப் பிரிச்சி வைக்கோலப் போட்டாளே, அது ஒரு வரி இல்ல இதுல."

"கண்ணு போனப்ப மடியில போட்டுக்கிட்டு மருந்து ஊத்துனாளே. அதயும் காணும்."

"இதெல்லாம் யாரு சொன்னா?" என்றார் வைத்தியலிங்கம்.

"அக்காதான். வேற யாரு?"

தினமும் அவர் வாசித்து முடித்துவிட்டுத் திருத்த உட்கார்ந்ததும், "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று பிரம்மநாயகி கிளம்புவாள். மத்தியானம் மூன்று மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும் என்பது, ஹானிபால் ரோமாபுரிப் படையை நொறுக்கிய கன்னே போர்க்களத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவருக்குத் தோன்றவே இல்லை. அவள் சேலையில் புகையிலை வாடை அடித்ததை வைத்து, லீவுக்கு வந்திருந்த சிவசங்கரனைக் கூப்பிட்டுச் சிகரெட்டின் தீமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அவன் பாவம், அழுதுகொண்டே சத்தியம் செய்தான்.

"ஒரு விசயம் கேக்கேன் அண்ணாச்சி" என்றாள் ஹமீது பீவி. "அம்புட்டு பேரையும் ஜெயிச்சிட்டு, ரோமாபுரி வாசலு வரைக்கும் வழி தொறந்து கெடந்தும் அவன் ஏன் உள்ள போகல?"

வைத்தியலிங்கம் நிமிர்ந்தார். இது அவர் பேட்டை. "முற்றுகைக் கருவி இல்ல. தீவனம் இல்ல. கார்த்தேஜ்லேருந்து உதவி வரல. காப்டன் மூணு காரணம் சொல்லுதாரு. நான் நாலாவதா ஒண்ணு…"

"அதெல்லாம் இல்ல. அவ கூப்புட்டா."

"யாரு?"

"பொஞ்சாதி. 'கண்ணு ஒண்ணு போயிட்டு. மத்ததயும் இங்கன குடுத்துட்டு வீட்டுல வந்து யார் மொகத்தப் பாக்கப் போறீய? போதும், வாங்க'ன்னா. குதிரய நிறுத்திட்டான்."

யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். கத்திரிகள் இலையை நறுக்கிக்கொண்டே இருந்தன. இரண்டாயிரம் வருஷமாகப் பெரிய பெரிய சேனாதிபதிகளெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்ட கேள்வி அது. அவரே பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பதினான்கு பக்கத்துக்கும் அவள் சுவரில் சாய்ந்தபடி 'ம்' சொன்னாள். அதைச் சொன்ன முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். கையிலிருந்த காகிதம்தான் நினைவுக்கு வந்தது. அவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்து வாசித்ததில்லை.

"அப்பொறம்?" என்று கேட்டார். "குதிரய நிறுத்தினான். அப்பொறம் என்ன ஆச்சு? அவ கூடப் போனானா?"

ஹமீது பீவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அத எங்களக் கேட்டா? அக்கா அதோட ஆசுபத்திரிக்குப் போயிட்டாவ. 'அவுக இன்னும் எனக்கே சொல்லல, கேட்டுட்டு வந்து சொல்லுதேன்'னாவ. பொறவு மௌத்துச் செய்திதான் வந்துச்சு." இன்னொரு பீடியைச் சுற்றி முடித்தாள். "கடைசிப் பாடத்த இவ வாசிக்க வந்தா. மூடுட்டீன்னுட்டேன். அக்கா கேக்காத முடிவ நாம மொதல்ல கேக்கது நல்லாவா இருக்கு? ஆனா மனசு கெடந்து அடிக்கி. நீங்க வந்துட்டீய. ஒங்க வாயால சொல்லுங்க. ஜெயிச்சானா, தோத்தானா?"

வட்டத்தில் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். "அங்கன உக்காருங்க. அக்கா இருக்க எடம்" என்றாள் ரஹ்மத்து. அவர் உட்கார்ந்ததும் ஒரு சொளவு மடிக்கு வந்தது. "கை சும்மா இருந்தா கதை வராதுன்னு சொல்லுவாவ. எலை நறுக்கிக்கிட்டேதான் சொல்லுவாவ." இலையின்மேல் வைத்து அளவுக்கு வெட்டுகிற சின்னத் தகரத்துண்டு ஒன்றையும் கத்திரியையும் எடுத்துக் கொடுத்தாள். கத்திரியின் வளையம் அவர் விரலுக்குக் கொஞ்சம் சிறியதாக இருந்தது.

கடைசி அத்தியாயம் அவருக்கு மனப்பாடம். 'தோல்வியின் அந்திப்பொழுதில் மாவீரனின் நிழல் நீண்டது' என்று ஆரம்பிக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறார். வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் இந்த வீட்டின் நிலைப்படியில் தலை முட்டி நின்றுவிட்டது.

"அவனுக்கு வயசாயிட்டு" என்றார்.

"பாவம்" என்றாள் ஹமீது பீவி.

"ஒரு பெரிய சண்டையில தோத்துட்டான். சொந்த ஊருலயும் இருக்க விடல. எந்த ராசாகிட்டப் போனாலும், ரோமாபுரிக்காரன் ஆளனுப்பி அவனப் புடிச்சுக் குடுன்னு கேட்டான். ஊரு ஊரா ஓடி, கடைசில கடலோரமா ஒரு இடத்துல குடியிருந்தான். அந்த வீட்டுக்கு ஏழு வாசல்."

"ஏழு வாசல் எதுக்கு?"

"ஒண்ணுல ஆளு வந்தா இன்னொண்ணு வழியாப் போயிரலாம்லா."

"ஏழுலயும் வந்துட்டா?"

யாரும் அவரை இப்படி நடுவில் நிறுத்திக் கேட்டதில்லை. அவர் தகரத்தை இலைமேல் வைத்து, விளிம்பையொட்டி வெட்டினார். நிலம் அளந்த கை. ஆனாலும் நரம்பு குறுக்கே வந்த இடத்தில் இலை கிழிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ரஹ்மத்து வேறோர் இலையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏழுலயும் வந்துட்டான்" என்றார். "ஒரு வேலக்காரன் எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னான். இவன் எந்திரிச்சு ஒவ்வொரு வாசலாப் போயிப் பாத்தான். எல்லாத்துலயும் ஆளு நிக்கான். திரும்பி வந்து நடுவீட்டுல உக்காந்தான். கையில ஒரு மோதரம். அதுக்குள்ள…"

"இருங்க அண்ணாச்சி" என்றாள் ஹமீது பீவி. "அவ எங்க இருக்கா?"

அவருக்குத் தெரியும், அவள் அங்கே இல்லை. காப்டனைக் கேட்டால் இல்லை என்பார். அடிக்குறிப்பிலும் இல்லை. வெளியே வெயில் ஓடுகளின் இடுக்கு வழியாகச் சாய்ந்து வந்து சொளவுகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வைத்தியலிங்கம் புது இலையின்மேல் தகரத்தை வைத்து, நரம்பு குறுக்கே வராதபடி பைய நகர்த்திப் பார்த்தார். இலை ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அவர் நிமிர்ந்து எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலு பேருடைய கத்திரிகளும் மடியில் வாயைத் திறந்தபடி கிடந்தன.